கதை வந்து சேந்துச்சா இல்லையா, அதையாவது சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல இணைய இதழ்கள் பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க, படிச்சேன். ஸ்டாம்ப் வேண்டாம் கவர் வேண்டாம், கதைய எழுதினோமா மெயில்ல தட்டிவிட்டோமான்னு வேல முடிஞ்சுது, இனிமே எழுதுறவங்களுக்கு தடையே கிடையாதுன்னு எழுதியிருந்தாரு அந்த தம்பி. அனுப்புறது சுலபமாயிடுச்சு, ஒத்துக்கிறேன். ஆனா அனுப்பினதுக்கு அப்புறம் என்ன ஆகுதுன்னு அவர் ஒரு வரி கூட எழுதல, தம்பி எங்கயும் கதை அனுப்பிட்டு காத்திருந்ததே இல்ல போல. அந்த காத்திருப்ப பத்தித்தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போயிடுச்சு, வெட்டுறதா இருந்தா வெட்டிக்கோங்க, ஆனா கடைசி பாராவ மட்டும் வெட்டிராதீங்க.

நான் கோவில்பட்டி பக்கம் ஒரு சப் போஸ்ட் ஆபீஸ்ல 1985ல சேந்து 2021ல ரிட்டையர் ஆனவ. 36 வருஷம் கவுண்டர்லயே கழிஞ்சதுல கதை அனுப்ப வர்றவங்கள முகத்த பாத்தே கண்டுபிடிச்சிருவேன். எங்க ஊரு கரிசக்காடு, மழைக்கு பஞ்சம் வரும், எழுதுறவங்களுக்கு பஞ்சம் வந்ததே இல்ல, தீப்பெட்டி ஆபீஸ் கணக்குப்பிள்ளைல இருந்து டீக்கடை அண்ணாச்சி வரைக்கும் சட்டைப்பையில ஒரு கவிதை மடிச்சு வச்சிருப்பாங்க. ஒரு நீளக் கவர், அதுக்குள்ள இன்னொரு கவர், உள்ள இருக்கிறதுல அவங்க விலாசத்த அவங்களே எழுதி ஸ்டாம்பும் ஒட்டி வைக்கணும், அப்பத்தான் கதை பிடிக்கலைன்னா பத்திரிகைக்காரங்க திருப்பி அனுப்புவாங்க. ஸ்டாம்ப் ரெண்டு செட்டா கேட்டாலே "என்ன அண்ணாச்சி கதையா"ம்பேன், வெக்கப்பட்டு சிரிப்பாங்க. ரெண்டு மாசமோ மூணு மாசமோ கழிச்சு அதே கையெழுத்துல விலாசம் போட்ட கவர் திரும்பி வரும், தபால பிரிச்சு அடுக்கும்போதே எனக்கு தெரிஞ்சு போகும், கனமா இருந்தா கதை திரும்பிடுச்சு, மெலிசா இருந்தா எடுத்துக்கிட்டாங்க. எங்க போஸ்ட்மேன் அண்ணன் கனமான கவர மட்டும் வாசல்ல நின்னு பேர் சொல்லி கூப்பிட மாட்டாரு. பேசாம கையில குடுத்துட்டு சைக்கிள எடுத்துருவாரு.

அப்படி எனக்கும் வந்திருக்கு. 1988ல மெட்ராஸ்ல இருந்து வந்த ஒரு வாரப்பத்திரிகைக்கு மொத கதை அனுப்பினேன், தாள்ல ஒரு பக்கம் மட்டும் எழுதி, இது என் சொந்தக் கற்பனை, தழுவலோ மொழிபெயர்ப்போ இல்ல, வேற எந்த பத்திரிகைக்கும் அனுப்பலன்னு உறுதிமொழி எல்லாம் குடுத்து. ரெண்டே மாசத்துல திரும்பி வந்துருச்சு, கூட உள்ளங்கை அகலத்துல ஒரு அச்சடிச்ச துண்டு, தங்கள் படைப்பை பயன்படுத்திக்கொள்ள இயலாமைக்கு வருந்துகிறோம்னு. அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கல, உண்மைதான். ஆனா மறுநாள் என்ன பண்ணேன் தெரியுமா, மொத பக்கத்த மட்டும் புதுத்தாள்ல திரும்ப எழுதினேன், ஏன்னா மொத பக்கம்தான் கசங்கியிருக்கும், குண்டூசி துரு பட்டிருக்கும், அடுத்த ஆசிரியருக்கு இது எங்கயோ போயி திரும்பின கதைன்னு தெரிஞ்சிரக் கூடாதில்லையா. எழுதுற எல்லாரும் இத பண்ணினவங்கதான், கேட்டா இல்லைன்னுவாங்க. அந்த கதை மூணாவதா அனுப்பின பத்திரிகையில வந்துச்சு, 75 ரூபா மணியார்டர், எங்க ஆபீசுக்கே வந்து நானே கணக்குல எழுதி நானே கையெழுத்து போட்டு வாங்கினேன். அந்த அச்சடிச்ச துண்டு என்னை திட்டல, பாராட்டல, முடிஞ்சு போச்சு நீ அடுத்த வேலைய பாருன்னு சொல்லிச்சு. அது எவ்வளவு பெரிய உதவின்னு அப்ப தெரியல, இப்பத்தான் தெரியுது.

ரிட்டையர் ஆன பிறகு அண்ணன் மக ஒருத்தி போன்ல தமிழ் அடிக்க சொல்லிக்குடுத்தா. அவ இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழா மாத்துறா, எனக்கு அது ஒத்து வரல, தமிழ்99ங்கிற தமிழ் கீபோர்டு போட்டுத் தரச் சொன்னேன், க அடிச்சா க வருது, நிம்மதி. அதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. மொத தடவ ஒரு இணைய இதழுக்கு அனுப்பணும்னு கையெழுத்துப் பிரதிய பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு டிடிபி கடையில குடுத்தேன், கல்யாண பத்திரிகை அடிக்கிற கடை, அந்த பையன் பாவம் பாமினி ஃபான்ட்ல அழகா அடிச்சு மெயிலும் பண்ணிட்டான். மறுநாளே பதில், "அம்மா, எழுத்து எதுவும் படிக்க முடியல, யூனிகோட்ல அனுப்புங்க"ன்னு. பழைய ஃபான்ட்டெல்லாம் இங்கிலீஷ் எழுத்து இருக்கிற இடத்துல தமிழ் எழுத்தோட உருவத்த வச்சு பண்ணினது, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா அம்மாங்கிற வார்த்தை எம், கே, செமிகோலன், கே, எச்னு நிக்கும், என் 8 பக்க கதையும் அப்படியே நின்னிருக்கு. யூனிகோட்ல தமிழ் எழுத்துக்குன்னே தனி நம்பர்கள் இருக்கிறதால எந்த போன்ல திறந்தாலும் தமிழ் தமிழாவே இருக்கும். இத ஏன் சொல்றேன்னா, இந்த நாலு வருஷத்துல இணைய இதழ்கள்ல இருந்து எனக்கு ஒரே நாள்ல வந்த பதில் அது ஒண்ணுதான். கதைய படிக்க முடியலைன்னு சொல்ல ஒரு நாள் போதும்னா, படிச்சு பிடிக்கலைன்னு சொல்ல ஏன் ஒரு வருஷம் பத்தலைன்னு புரியல.

இப்ப விஷயத்துக்கு வரேன். அனுப்புற விதிமுறைன்னு ஒரு பக்கம் எல்லா இதழ்லயும் இருக்கு. யூனிகோட்ல அனுப்பு, வேர்ட் ஃபைலா அனுப்பு, பிடிஎஃப் கூடாது, போட்டோ ஒண்ணு, உன்ன பத்தி அஞ்சு வரி, ஏற்கனவே வந்ததா இருக்கக் கூடாது, ஃபேஸ்புக்ல போட்டிருந்தாலும் வந்ததா கணக்கு (எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டேன், அதுல படிச்சது ரெண்டு பேர், ஒருத்தி என் தங்கச்சி, அதுவும் பிரசுரம்தானான்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்). அப்புறம் முக்கியமா, எங்க முடிவு தெரியிற வரைக்கும் வேற யாருக்கும் அனுப்பாத. இது எல்லாம் எழுதுறவங்களுக்கு. இதழ்க்காரங்க என்ன செய்வாங்கன்னு தேடிப் பாருங்க, எத்தன நாள்ல சொல்வாங்கன்னு போட்டிருக்கிற இதழ்கள் ரொம்ப கம்மி. சிலது மூணு மாசத்துல பதில் வரலைன்னா தேர்வாகலைன்னு வச்சுக்கோங்கன்னு போட்டிருக்காங்க, அது கூட பரவாயில்ல, காலண்டர்ல ஒரு வட்டம் போட்டு வச்சுக்கலாம். ஒண்ணுமே போடாதவங்களத்தான் என்ன பண்றதுன்னு தெரியல.

எனக்கு நடந்தத சொல்றேன், பேர் சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷம் முன்ன தை மாசம் ஒரு இணைய இதழுக்கு ஒரு கதை அனுப்பினேன், எங்க ஊர்ல தீப்பெட்டி ஒட்டுற வேலைக்கு விடியக்காலைல வேன் வந்து பிள்ளைகள ஏத்திட்டு போன காலத்து கதை, எழுதவே ஏழெட்டு மாசம் ஆச்சு. வந்து சேந்துச்சுன்னு கூட பதில் இல்ல. சித்திரையில ஒரு மெயில் போட்டேன், தொந்தரவுக்கு மன்னிக்கணும், கதை கெடச்சுதான்னு, பதில் இல்ல. ஆடியில இன்னொண்ணு, அதுக்கும் இல்ல. அதே இதழ்ல மாசா மாசம் புது கதைகள் வந்துட்டுதான் இருந்துச்சு, அதனால மூடிட்டாங்கன்னும் நினைக்க முடியல. ஏழு மாசம் பாத்துட்டு, அந்த கதைய வாபஸ் வாங்கிக்கிறேன்னு மூணாவது மெயிலும் போட்டுட்டு வேற ஒரு இதழுக்கு அனுப்பினேன், அவங்க இருபது நாள்ல எடுத்துக்கிறோம்னு சொன்னாங்க, ரெண்டு இடத்துல வாக்கியம் தடுக்குதுன்னு திருத்தமும் கேட்டாங்க, உக்காந்து திருத்திக் குடுத்தேன், அதுல கதை நல்லாவும் ஆச்சு. ஐப்பசில அவங்க போட்டாங்க. அதே வாரம், கேட்டா நம்ப மாட்டீங்க, மொத இதழ்லயும் அந்த கதை வந்து நிக்குது. என்னோட பழைய திருத்தாத வடிவம், தலைப்ப மட்டும் அவங்களா மாத்தியிருக்காங்க. மெயில் கிடையாது போன் கிடையாது, அண்ணன் மகதான் பாத்துட்டு "அத்தை உங்க கதை ரெண்டு இடத்துல வந்திருக்கு"ன்னு சந்தோஷமா சொன்னா.

ரெண்டாவது இதழ்க்காரர் போன் பண்ணினாரு. மரியாதையாத்தான் பேசினாரு, ஆனா அந்த மரியாதை இருக்கே, நான் கவுண்டர்ல 10 ரூபா குறையுதுன்னு இன்ஸ்பெக்டர் முன்னாடி நின்ன அன்னிக்கு கூட அப்படி கூனிக்குறுகல. நான் போட்ட மூணு மெயிலையும் அவருக்கு அனுப்பி வச்சேன், அப்பத்தான் நம்பினாரு. மொத இதழுக்கு எழுதி கேட்டதுக்கு நாலு நாள் கழிச்சு கதைய எடுத்துட்டாங்க, அப்பவும் ஒரு வார்த்தை எழுதல, சும்மா காணாம போச்சு. பதில் சொல்றதில்லைங்கிறத கடைசி வரைக்கும் விட்டுக்குடுக்கல அவங்க, அதுக்கு வேணா ஒரு கும்பிடு போடலாம்.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இல்லாம இல்ல. இணைய இதழ்னு பாத்தா 1999ல திண்ணை வந்துச்சு, 2009ல சொல்வனம், மலேசியாவுல இருந்து வல்லினம், அப்புறம் எத்தனையோ. நான் சொன்ன இதழ் இதுல எதுவும் கிடையாது, இவங்களுக்கு நான் கதையே அனுப்பினதில்ல, படிக்கிறதோட சரி. இணைய இதழ் நடத்துறவங்க முக்காவாசி பேர் பகல்ல வேற வேலை பாத்துட்டு ராத்திரி கண்ணு முழிச்சு நடத்துறாங்க, சம்பளம் கிடையாது, சர்வர் வாடகை கைக்காசு. சிறுபத்திரிகைன்னாலே நம்மகிட்ட அப்படித்தான், 1959ல சி.சு. செல்லப்பா எழுத்து பத்திரிகைய ஆரம்பிச்சு 1970 வரைக்கும் கைக்காச போட்டு நடத்தினாரு, புத்தகத்த தானே சுமந்துட்டு போய் காலேஜ் காலேஜா வித்தாருன்னு சொல்வாங்க. அந்த வழியில வர்றவங்கள நான் குறை சொன்னா என் நாக்கு அழுகிரும். அனுப்புறவங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. இதழ ஒரு தடவ கூட திறந்து பாக்காம இருபது கவிதைய ஒரே மெயில்ல அனுப்புறது, ஒரே கதைய அஞ்சு இதழுக்கு ஒரே மெயில்ல போட்டு அஞ்சு பேர் விலாசமும் மேல தெரியிற மாதிரி விடுறது, மறுநாள் காலைல வாட்ஸ்அப்ல "பாத்தீங்களா சார்"னு வணக்கம் படத்தோட கேக்குறது, இதெல்லாம் நடக்குது. தெரிஞ்ச ஒருத்தர் போட்டோ அனுப்புங்கன்னதுக்கு கல்யாண ஆல்பத்துல இருந்து மாலையோட அனுப்பினாரு.

இப்ப ஏஐ வேற. அமெரிக்காவுல கிளார்க்ஸ்வேர்ல்டுன்னு ஒரு அறிவியல் புனைகதை இதழ், 2023 பிப்ரவரில மெஷின் எழுதின கதைகளா வந்து குவிஞ்சதுல கதை வாங்குறதையே கொஞ்ச நாள் நிறுத்தி வச்சாங்க. அவங்க ஒரு வார்த்தைக்கு இவ்வளவுன்னு காசு குடுக்கிறவங்க, அதனால காசுக்காக அடிச்சு தள்ளினாங்க. நம்ம இதழ்ல காசே கிடையாதே, இங்க எவன் மெஷின வச்சு எழுதுவான்னு நினைச்சேன், அண்ணன் மக சிரிச்சா, பேருக்காக எழுதுவாங்க அத்தைன்னா. சரிதான். குப்பை கூடக் கூட படிக்கிற நேரமும் கூடும், புரியுது.

ஆனா நான் கேக்குறது படிச்சு விமர்சனம் எழுதச் சொல்லி இல்லையே. ரிஜிஸ்தர் தபால்ல ஒரு அக்னாலட்ஜ்மென்ட் கார்டு வச்சு அனுப்புவோம், சேந்ததும் வாங்கினவர் கையெழுத்தோட அது நம்மகிட்ட திரும்பி வரும். உள்ள என்ன இருந்துச்சு, பிடிச்சுதா பிடிக்கலையா, அதெல்லாம் அந்த கார்டுல இருக்காது, கெடச்சுதுன்னு மட்டும் இருக்கும், அதுக்கே ஜனங்க கூட காசு குடுத்தாங்க. (அந்த ரிஜிஸ்தர் தபாலையே 2025 செப்டம்பர்ல ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க, அது தனி வருத்தம்.) மெயில்ல இதுக்கு செலவே கிடையாது, கதை வந்த உடனே கெடச்சுதுன்னு தானா ஒரு பதில் போற மாதிரி ஒரு தடவ செட் பண்ணி வச்சா போதும், அண்ணன் மக அஞ்சு நிமிஷ வேலைங்கிறா. வெளிநாட்டு இங்கிலீஷ் இதழ்கள் பலதுல சப்மிட்டபிள்னு ஒரு ஏற்பாடு இருக்கு, அதுல போய் பாத்தா உன் கதை கெடச்சிருக்கு, பாத்துட்டு இருக்காங்க, ஏத்துக்கிட்டாங்க, வேண்டாம்னுட்டாங்கன்னு நிலவரம் தெரியும், நாமளே வாபஸ் வாங்கிக்கிறதுக்கும் வழி இருக்கு. அங்க சில இதழ்கள் கதை அனுப்பவே ரெண்டு மூணு டாலர் வாங்குறாங்க, அந்த பழக்கம் மட்டும் இங்க வந்துர வேண்டாம். கூகுள் ஃபார்ம் ஒண்ணு போதும் நமக்கு. வேண்டாங்கிறதுக்கு ஒரே வரி, எல்லாருக்கும் அதே வரி, அச்சடிச்ச துண்டு மாதிரி. மனசு புண்படுமேன்னு சிலர் பதில் போடுறதில்லையாம், ஒரு ஆசிரியர் பேட்டியில சொன்னாரு. புண்பட்டா நாங்க ஆத்திக்கிறோம் சார், மொத பக்கத்த மாத்தி எழுதி பழகினவங்க நாங்க.

உரிமை பத்தியும் ரெண்டு வார்த்தை, சுருக்கமா. சில இதழ்கள்ல வெளிவரும் படைப்புகளின் உரிமை இதழுக்கேன்னு கீழ பொடி எழுத்துல போட்டிருக்கு. 1957 காப்பிரைட் சட்டப்படி எழுதினவர்தான் மொத சொந்தக்காரர், எழுத்து மூலமா கையெழுத்து போட்டு குடுத்தாத்தான் உரிமை கைமாறும், அப்படி குடுக்கும்போது எத்தன வருஷம்னு போடலைன்னா அஞ்சு வருஷம்னு கணக்கு, எந்த நாடுன்னு போடலைன்னா இந்தியா மட்டும். வருஷம் கழிச்சு தொகுப்பு போட நினைக்கிற பிள்ளைங்க பயப்படாம இருக்கணும்னு சொல்றேன். இன்னொண்ணு, ஒரு காப்பி உங்க கையில வச்சுக்கோங்க. என்னோட ரெண்டு கதை வந்த ஒரு இதழ் போன வருஷம் நின்னு போச்சு, டொமைன் காசு கட்டல போல, இப்ப அந்த லிங்க்க தொட்டா எடை குறைக்கிற மாத்திரை விளம்பரம் வருது. பழைய வாரப்பத்திரிகை கிழிஞ்ச பக்கமாவது பீரோவுல கெடக்கு, இது தடமே இல்ல. கதை வந்த அன்னிக்கே இணையப் பக்கங்கள சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின்ங்கிற தளத்துல அந்த பக்கத்த சேத்து வைக்க முடியும், காசு கிடையாது, அண்ணன் மக இப்ப அத பண்ணிடுறா.

பேர் போடாதீங்கன்னு கேட்டுக்கிறேன். பயம் இல்ல, இப்பவும் மூணு இடத்துல கதை கெடக்கு, அவங்க இத படிச்சுட்டு இந்தம்மாதானான்னு ஓரமா வச்சிரக் கூடாதில்லையா. ஓய்வு பெற்ற தபால் ஊழியர், கோவில்பட்டின்னு போட்டா போதும்.

மூணு இடம்னு சொன்னேன்ல, அதுல ஒண்ணு உங்க ஞாயிறு இணைப்பு. பிப்ரவரி மாசம் மெயில்ல அனுப்பினேன், கெணத்துல விழுந்த அரிக்கேன் விளக்குன்னு தலைப்பு, அஞ்சு பக்கம். நினைவூட்டி ரெண்டு தடவ எழுதிட்டேன். அதனால நேத்து தனியா தபால்ல ஒரு கவர் அனுப்பியிருக்கேன், உள்ள 50 பைசா கார்டு ஒண்ணு, என் விலாசம் எழுதி, பின்னாடி "எடுத்துக்கிட்டோம்", "வேண்டாம்"னு ரெண்டு வார்த்தையும் எழுதி வச்சிருக்கேன். வேண்டாதத அடிச்சிட்டு பக்கத்துல இருக்கிற பெட்டியில போட்ருங்க.

ஓய்வு பெற்ற தபால் ஊழியர்
கோவில்பட்டி